கூலியாளின் கையுறை: பூச்சிமருந்து உடன்படிக்கைகளும் நாஞ்சில் நாடும்



1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்தில் மாவுப் பலகாரம் தின்றவர்கள் அங்கங்கே சுருண்டு விழுந்தார்கள். வாந்தி, வலிப்பு, மூச்சுத்திணறல். கோதுமை மாவு வந்த கப்பலிலேயே ஃபாலிடால் என்ற பூச்சிமருந்தும் ஏற்றப்பட்டு வந்திருந்தது. பாரத்தியான் என்பது அதன் வேதிப்பெயர். மருந்து கசிந்து மாவு மூட்டையில் இறங்கியது தெரியாமல் மாவு கடைக்கும் வீட்டுக்கும் போய்விட்டது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்து அப்போது ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. வரைபடத்தில் எல்லைக்கோடு விழுந்துவிட்டது; ஆனால் சரக்கும் சந்தையும் கல்யாண உறவும் பழைய தடத்திலேயே போய்வந்துகொண்டிருந்தன. பின்னால் நாடாளுமன்றத்துக்குச் சட்டம் வந்தபோது, அதற்குக் காரணமான நச்சுச் சம்பவங்களைச் சொல்கையில் கேரளத்தோடு சென்னை மாநிலத்தின் பெயரையும் சேர்த்தே சொன்னார்கள்.

பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பூச்சிமருந்துகளுக்கென்று தனிச்சட்டம் வேண்டும் என்று அது சொன்னது. சட்டம் 1968இல் வந்தது. விதிகள் 1971இல் வந்தன. இன்று உரக்கடைச் சுவரில் மாட்டியிருக்கும் உரிமம், குப்பியில் இருக்கும் வண்ண முக்கோணம், உள்ளே மடித்து வைத்திருக்கும் துண்டுக்காகிதம் எல்லாம் அந்த மரணங்களிலிருந்து பிறந்தவை. இந்தியாவின் பூச்சிமருந்துச் சட்டத்துக்கு வித்து விழுந்த இடம் நமக்கு இவ்வளவு பக்கம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

அந்த விபத்து நமக்குக் கற்றுக்கொடுத்தது என்ன? உணவோடு நஞ்சைச் சேர்த்து ஏற்றாதே, பெயர் எழுதி ஒட்டு, உரிமம் இல்லாமல் விற்காதே. எல்லாம் சரி. கவனமாகக் கையாண்டால் எந்த நஞ்சையும் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இதற்கெல்லாம் அடியில் இருந்தது. அந்த எண்ணத்தை ஒரு கடைசிக் கூலியாளின் பக்கத்திலிருந்து சோதித்துப் பார்ப்பதுதான் இன்றைய பேச்சு.

1971ஆம் ஆண்டு விதிகளைப் புரட்டினால் மருந்து கையாளுபவர் அணிய வேண்டியவை வரிசையாக இருக்கும்: நஞ்சு ஊடுருவாத உடை, கையுறை, பூட்ஸ், மூச்சுக்கருவி. இனி நம் வயலுக்கு வாருங்கள். தோவாளைப் பக்கத்திலோ தேரூர்ப் பக்கத்திலோ பாட்டத்துக்கு எடுத்த வாழைத்தோட்டம். மணி பதினொன்று. சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து மூக்கில் சுற்றிக்கொண்டு, முதுகில் மெஷினோடு ஒருவர் நடக்கிறார். டேங்குக்கு ரெண்டு மூடி என்பது அளவு. கலக்குவது பக்கத்தில் கிடந்த கம்பால். மெஷின் மூடி சரியாக மூடாததால் முதுகுவழியே ஒழுகுகிறது. பக்கத்துச் சானலில் கைகால் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. காற்றில் ஈரம் கூடிய கடலோர வெயிலில் இவரை ரப்பர் உடைக்குள் நுழைத்து ஒரு ஏக்கர் அடிக்கச் சொன்னால், மருந்து தாக்குவதற்கு முன் வெக்கையே ஆளைத் தள்ளிவிடும். 'பாதுகாப்பாகப் பயன்படுத்துவீர்' என்ற அறிவுரையை அச்சிட்டவர் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் சொல்லியிருக்கிறது. போபால் விஷவாயு விபத்து நடந்து ஒரு வருஷம் முடியும் தறுவாயில், 1985 நவம்பரில், ரோம் நகரில் கூடிய அதன் மாநாடு பூச்சிமருந்து விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் ஒரு நடத்தை நெறியை ஏற்றது. பிறகு 2002இல் அது திருத்தப்பட்டது. 2013இல் மறுபடி எழுதப்பட்டு, உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்துகொண்டு, இருவர் பெயரிலும் இப்போது வழங்குகிறது. அதன் மூன்றாம் பகுதியில் ஒரு விதி உண்டு. அதன் சாரத்தைச் சொல்கிறேன். எந்த மருந்தைக் கையாள, உடம்புக்கு ஒத்துவராத, விலை கூடிய, எளிதில் கிடைக்காத பாதுகாப்பு உடை தேவைப்படுகிறதோ அந்த மருந்தையே தவிர்க்க வேண்டும். வெப்பநாடுகளின் சிறுவிவசாயிகளும் கூலியாட்களும் பயன்படுத்தும் இடத்தில் குறிப்பாகத் தவிர்க்க வேண்டும். அதாவது உடை பொருந்தாவிட்டால் ஆளைத் திட்டாதே, மருந்தை மாற்று. உலக அரங்கில் பூச்சிமருந்து பற்றி எழுதப்பட்டவற்றில் நாஞ்சில் நாட்டுக்காகவே எழுதியது போன்ற விதி இதுதான்.

இந்த நெறிக்குச் சட்ட வலு கிடையாது. கடைப்பிடிக்கலாம், விடலாம். வலு உள்ளவை உடன்படிக்கைகள். நமக்கு வேண்டியவை இரண்டு: ரோட்டர்டாம், ஸ்டாக்ஹோம். ஸ்டாக்ஹோம், மண்ணிலும் கொழுப்பிலும் தலைமுறைக்கணக்கில் தங்கிவிடும் வேதிப்பொருட்களை ஒழிப்பதற்கு. டி.டி.டி., ஆல்ட்ரின் வகையறா. காசர்கோட்டு முந்திரிக்காட்டில் ஹெலிகாப்டரில் ஆண்டுக்கணக்காகத் தெளித்த எண்டோசல்பானை 2011 ஏப்ரல் கடைசியில் ஜெனீவாவில் இதில்தான் சேர்த்தார்கள். இந்தியா முதலில் எதிர்த்து, பிறகு விலக்குகளோடு ஒத்துக்கொண்டது. அதே வாரத்தில் கேரள முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன் திருவனந்தபுரத்தில் ஒருநாள் உண்ணாவிரதம் இருந்தார். அடுத்த மாதமே உச்சநீதிமன்றம் நாடு முழுக்கத் தடை விதித்தது. அந்தக் கதை உங்களுக்குத் தெரியும், நீட்டவில்லை.

ரோட்டர்டாம் அவ்வளவு தெரியாதது. நம்மை நேரடியாகத் தொடுவது அதுதான். 1998இல் ஏற்கப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2005இல் சேர்ந்தது. பலர் நினைப்பதுபோல இது தடைப்பட்டியல் இல்லை. ஒரு நாடு தன் மண்ணில் விலக்கி, இந்த உடன்படிக்கையின் பட்டியலிலும் சேர்ந்துவிட்ட மருந்தை இன்னொரு நாட்டுக்கு ஏற்றுமதி செய்யும்போது, 'இது இன்ன காரணத்துக்காக எங்கள் ஊரில் விலக்கப்பட்டது, உங்களுக்கு வேண்டுமா?' என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அனுப்பக்கூடாது. அவ்வளவுதான். கேட்டுவிட்டு விற்பது என்ற எளிய கடைவீதி மரியாதை.

இந்த மரியாதைக்கும் பெரிய எதிர்ப்பு. பட்டியலில் ஒரு மருந்தைச் சேர்க்க வேண்டுமானால் உறுப்பு நாடுகள் அத்தனையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 160க்கு மேற்பட்ட நாடுகளில் ஒன்று தலையாட்ட மறுத்தாலும் சேராது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் தோட்டக்காரர்களுக்கு அதைத் தெரியும். உள்ளே போனால் மாற்றுமருந்து கிடையாது. சுவிட்சர்லாந்து அதை 1989இலேயே விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007இலிருந்து அனுமதி இல்லை. ஆனால் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு ஆலையில் அதைத் தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்புவது அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் நடந்தது. தன் வயலுக்கு ஆகாதது அடுத்தவன் வயலுக்கு ஆகும் என்ற கணக்கு. இந்த மருந்தைப் பட்டியலில் சேர்க்கக் கேட்ட நாடு எது தெரியுமா? ஐரோப்பா இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் பருத்தி விளைவிக்கும் புர்கினா ஃபாஸோ என்ற ஏழை நாடு. அதைத் தடுத்த நாடுகளில் ஒன்று இந்தியா. 2013இல் தடுத்தது, அதற்குப் பிந்தைய கூட்டங்களிலும் தடுத்தது.

நம் தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். காப்புரிமைக் காலம் முடிந்த பழைய மருந்துகளை நம் ஆலைகள் மலிவாகச் செய்கின்றன. பழையது போனால், காப்புரிமை உள்ள புதிய மருந்தைப் பன்னாட்டு நிறுவனத்திடம் அதிக விலைக்கு வாங்க வேண்டிவரும், சிறுவிவசாயி தாங்கமாட்டான். இதில் உண்மை இல்லாமல் இல்லை. புதிய குப்பியின் விலையைக் கேட்டுவிட்டுப் பழையதற்கே திரும்பிய விவசாயிகள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். ஆனாலும் அந்த வாதம் ஆலையின் பக்கம் நின்று பேசுகிறது. ஜெனீவா மேசையில் இந்தியாவின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தவர் மருந்து செய்கிறவருக்காகப் பேசினார். மருந்து அடிக்கிறவருக்காகப் பேச அங்கே ஆள் இல்லை. அடிக்கிறவர் எண்ணிக்கையிலோ கோடிக்கணக்கு.

தாமதத்தின் விலை என்ன என்பதற்கு இரண்டு பெயர்கள் போதும். போபாலில் 1984இல் யூனியன் கார்பைடு ஆலையில் செய்துகொண்டிருந்த மருந்து கார்பரில். அந்த மருந்தை இந்தியா விலக்கியது 2018இல். இன்னொன்று மீத்தைல் பாரத்தியான், 1958இல் ஆள்கொன்ற ஃபாலிடாலின் தம்பி. அதுவும் 2018ஆம் ஆண்டு ஆணையில்தான் போனது. அனுபம் வர்மா குழு 2013இல் அமைந்து 66 மருந்துகளை ஆராய்ந்து அறிக்கை தந்த பிறகு வந்த ஆணை அது. வாழைக்கன்று நடும்போது குழியில் போடும் குருணை மருந்துகளில் நம் ஊரில் பேர்பெற்ற தைமெட், அதாவது ஃபோரேட், அதே ஆணைப்படி 2020 முடிவோடு விலக்கப்பட்டது. கடலுக்கு அந்தப்பக்கம் இலங்கை, பாரத்தியான், மீத்தைல் பாரத்தியான் இரண்டையும் 1984இலேயே விலக்கிவிட்டது. முப்பத்து நான்கு வருஷ இடைவெளி!

இலங்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன். அங்கே 1980இல் பூச்சிமருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. கண்டிக்கு அடுத்த பேராதனையில் பூச்சிமருந்துப் பதிவாளர் என்று ஓர் அலுவலகம். சிறிய நாடு, சிறிய அலுவலகம். ஆனால் பதிவாளர் 'வேண்டாம்' என்றால் மருந்து துறைமுகத்தில் இறங்காது. அந்த நாட்டில் 1990களின் நடுவில் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று. பெரும்பாலும் வீட்டு மூலையில் இருந்த பூச்சிமருந்து. யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் சிங்கள ஊர்களிலும் ஒரே கதைதான். 1995இல் மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் உள்ளிட்ட மிகக்கொடிய வகுப்பு மருந்துகளை விலக்கினார்கள். விவசாயிகள் எண்டோசல்பானுக்கு மாறினார்கள்; அதனால் சாவு கூடியது; 1998இல் அதையும் விலக்கினார்கள். 2008 தொடங்கி பாராகுவாட், டைமெத்தோயேட், ஃபென்தியான் மூன்றையும் படிப்படியாக எடுத்தார்கள். மருத்துவமனைப் பதிவேடு எந்த மருந்தைச் சுட்டியதோ அதைப் பதிவாளர் எடுத்தார். இதுதான் முறை.

இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 விழுக்காடு குறைந்தது. 1995 முதல் 2015 வரை காப்பாற்றப்பட்ட உயிர்கள் 93,000 என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். வறுமை ஒழிந்துவிட்டதா, போர் இல்லையா, மனக்கஷ்டம் தீர்ந்துவிட்டதா? எதுவும் இல்லை. ஆத்திரத்தில் எடுத்த முடிவு பல நேரம் ஒரு மணி நேரத்தில் ஆறிவிடுகிறது. கைக்கு எட்டிய குப்பி கொடியது இல்லை என்றால் ஆள் பிழைத்து வந்து பேரன் பேத்தி எடுக்கிறார். (இந்த அரங்கில் யாருக்காவது மனம் தாங்காத நேரம் வந்தால் 104 என்ற எண்ணில் நம் மாநிலத்தில் பேசுவதற்கு ஆள் உண்டு என்பதையும் சொல்லிவைக்கிறேன்.)

'அதே இலங்கைதானே 2021இல் ரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரே இரவில் நிறுத்திவிட்டுச் சோற்றுக்குத் தவித்தது?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. 2021இல் ஒரு அரசியல் முடிவு எல்லாவற்றையும் ஒரு வீச்சில் நிறுத்தியது; சில மாதங்களில் அரசே பின்வாங்கியது. 1984 முதல் நடந்தது வேறு வகை. ஆட்களைக் கொல்லும் மருந்தை மட்டும், மாற்று உண்டா என்று பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அந்த விலக்கல்களால் நெல் விளைச்சல் குறைந்ததா என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள், குறையவில்லை. இரண்டையும் குழப்பினால் நஷ்டம் நமக்கு.

மருந்து குறைந்தால் விளைச்சல் குறையும் என்ற பயத்துக்கு நெல்வயலிலேயே பதில் உண்டு. புகையானைக் கேளுங்கள். அதன் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும், மருந்து எட்டாது. மேலே உலவும் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் மருந்தில் செத்துவிடும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளைத் தின்ன ஆள் இல்லாமல் தூர் கருகி, வயல் வட்டம் வட்டமாகத் தீய்ந்துபோகும். மருந்தே புகையானை வளர்த்தது என்பதைப் பிலிப்பைன்ஸ் நெல் ஆய்வகத்து வயல்களில் பீட்டர் கென்மோர் காட்டினார். அதை நம்பி 1986இல் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ 57 மருந்து வகைகளை நெல்வயலில் விலக்கினார். பூச்சிமருந்துக்கு அரசு கொடுத்துவந்த மானியமும் சில ஆண்டுகளில் நின்றது. மிச்சப்பட்ட பணமும் உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையும் சேர்ந்து வயல்வெளிப் பள்ளிகளாயின. விவசாயிகள் வாரம் ஒருமுறை வரப்பில் உட்கார்ந்து, எது பகைப்பூச்சி, எது நன்மைப்பூச்சி என்று எண்ணிப் படம் வரைந்தார்கள். நெல் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. இது சர்வாதிகாரி ஒருவர் செய்த நல்ல காரியம் என்பது சங்கடம்தான். என்றாலும் செய்த காரியம் நல்லது. அந்தப் பள்ளிமுறை பிறகு இந்தியாவுக்கும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் பருத்தி விவசாயிகளுக்காக ஆறு ஆசிய நாடுகளில் நடந்த திட்டத்தில் இந்தியாவும் ஒன்று. திட்டம் முடிந்தது, பணம் முடிந்தது, பள்ளியும் பல இடங்களில் முடிந்தது. சர்வதேச ஒத்துழைப்பின் பழைய நோய் அது.

இனி நம் எல்லைக்கு வருகிறேன். ஜெனீவாவைவிடக் களியக்காவிளை நமக்குப் பக்கம். 2011 மே மாதம் கேரள அரசு 14 மருந்துகளை விலக்கியது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் எதுவரை உண்டு என்ற வழக்கறிஞர் வாதம் ஒருபுறம் இருக்கட்டும். எல்லைக்கு அந்தப்பக்கம் பாறசாலையில் விற்கக்கூடாத குப்பியை இந்தப்பக்கம் களியக்காவிளையில் விற்பதை அன்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வாழைக்குலையும் கறிவேப்பிலையும் இங்கிருந்து அங்கே போகின்றன. 2015இல் தமிழ்நாட்டுக் காய்கறியில் மருந்தெச்சம் கூடுதல் என்று கேரளம் கெடுபிடி செய்தபோது நாம் ரோஷப்பட்டோம். திருவனந்தபுரத்தை அடுத்த வெள்ளாயணியில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் மருந்தெச்ச ஆய்வுக்கூடம் சந்தைக் காய்கறிகளை வாங்கி ஆராய்ந்து முடிவைப் பொதுமக்களுக்கு வெளியிட்டு வருகிறது. ரோஷப்பட்ட நாம் வடசேரிச் சந்தைக் காய்க்கு அதே மாதிரி ஒரு பட்டியல் வேண்டும் என்று கேட்டோமா? மலையாளிக்கு விற்கும் காயை நாமும்தான் தின்கிறோம்.

மாநிலங்களின் கை கட்டப்பட்டிருப்பதும் உண்மை. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி ஒரு மாநிலம் ஒரு மருந்தை 60 நாளைக்குத்தான் நிறுத்திவைக்க முடியும்; விசாரணை முடியாவிட்டால் மேலும் 30 நாள்வரை நீட்டலாம், அவ்வளவுதான். நிரந்தர விலக்கு மத்திய அரசின் கையில். தமிழ்நாடு அரசு தற்கொலைத் தடுப்புக்காக மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆறு மருந்துகளை நிறுத்தியபோதும் அந்த 60 நாள் கணக்குதான். அறுபது நாள் என்பது ஏத்தன் வாழை குலை தள்ளுவதற்குக்கூடப் போதாது. சட்டத்தைத் திருத்த 2008இல் ஒரு மசோதா, 2020இல் இன்னொரு மசோதா மாநிலங்களவைக்குப் போயின. மாநிலங்களுக்கு முழு அதிகாரம் வேண்டும் என்ற கோரிக்கையை நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராமல் எழுப்ப வேண்டும். இலங்கைப் பதிவாளருக்கு இருக்கும் அதிகாரம் ஏழு கோடிக்கு மேல் மக்கள் உள்ள ஒரு மாநிலத்துக்கு இல்லை.

காலிக்குப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. நீலகிரியில் 2022இல் தொடங்கி, டாஸ்மாக் காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தருகிறார்கள். திட்டம் பிறகு பல மாவட்டங்களுக்கும் பரவியது. மதுப் பாட்டிலுக்கு இருக்கும் இந்த மரியாதை நஞ்சுக் குப்பிக்கு இல்லை. அது சானலில் மிதந்து குளத்துக்கு வருகிறது, அல்லது பழைய இரும்புக்காரரிடம் போகிறது. பிகார் மாநிலம் சாரண் மாவட்டத்துப் பள்ளியில் 2013 ஜூலையில் மதிய உணவு தின்ற 23 குழந்தைகள் இறந்தது, காலி மருந்துக் கலத்தில் வைத்ததாகச் சொல்லப்பட்ட சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்ததால். பிரேசிலில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் காலிக்குப்பியைத் திரும்பப் பெறும் பொறுப்பை விற்றவர், செய்தவர் தலையில் வைத்தது; இன்று பத்தில் ஒன்பதுக்கு மேல் திரும்பி வருகின்றன. அதுவும் நம்மைப்போல வளரும் நாடுதான்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். ரோட்டர்டாம் உடன்படிக்கையில் பணக்கார நாடுகள் தயவில்லாமல் நாமே திறக்கக்கூடிய கதவு ஒன்று உண்டு. அதன் ஆறாவது பிரிவு. வளரும் நாடு ஒன்று, தன் விவசாயிகள் வழக்கமான முறையில் ஒரு மருந்தைக் கையாளும்போதே நஞ்சேறியதை ஆதாரத்தோடு காட்டினால், அந்த மருந்தைப் பட்டியலுக்கு முன்மொழியலாம். புர்கினா ஃபாஸோ அந்தக் கதவு வழியாகத்தான் போனது. விவசாயிகளிடம் நேரில் போய் யாருக்கு, எந்த மருந்தால், என்ன ஆனது என்று கேட்டு எழுதிக்கொண்டு போனது. தெரிந்தே குடித்த சம்பவங்கள் இந்தப் பிரிவுக்குப் போதிய காரணமாகா. வேலை நேரத்தில் நஞ்சேறியதுதான் கணக்கு.

நம்மிடம் அந்தக் கணக்கு இருக்கிறதா? 2017இல் மகாராஷ்டிரத்து யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நாடு அதிர்ந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. செத்தால்தான் கணக்கு. மருந்தடித்துவிட்டு மாலையில் தலைசுற்றி, கண் மங்கி, வாயில் நீர் ஊற, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகும் ஆள் எந்த ஏட்டிலும் இல்லை. 'மயக்கம்' என்று எழுதியிருக்கும். எந்த மருந்து என்று எழுதியிருக்காது. நச்சுச் சம்பவங்களைத் தெரிவிக்க வேண்டும் என்று அறிவிக்கை போட மாநில அரசுக்கு 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. 27ஆம் பிரிவைப்போல இதில் அறுபது நாள் வேலி கிடையாது. டெல்லியைக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆகவே கோரிக்கையை மாவட்ட அளவில் வைக்கிறேன். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இம்மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருந்து நஞ்சேறி வருபவர்களுக்கு ஒரே மாதிரியான படிவம் வேண்டும்: மருந்தின் பெயர், வீரியம், என்ன பயிர், எத்தனை மணி நேரம் அடித்தார், உடம்பில் என்ன உடுத்தியிருந்தார். திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் அதைப் பூச்சி, பருவம், பரிந்துரை ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வெள்ளாயணிக்கும் பேராதனைக்கும் பிரதி போகட்டும். மூன்று ஊரும் ஒரே வெயில், ஒரே வாழை, ஒரே தென்னை. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி அலையும் முதுகலை மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வேலை இம்மாவட்டத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். மருந்தடித்தவருக்கு மயக்கம் வந்தால் உடனே உடையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குப்பியையும் அதனுள் இருக்கும் துண்டுக்காகிதத்தையும் ஒரு பையில் போட்டுக் கூடவே எடுத்துப் போங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள். மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதும்வரை அங்கேயே நில்லுங்கள்.